முடிஞ்சிட்டு, எந்திரிங்க

மச்சான், உங்கள் படத்துக்குச் செய்யச் சொன்ன தேக்குச் சட்டம் வந்துவிட்டது. சாப்பாட்டு மேஜைமேல் வெறும் கண்ணாடியோடு கிடக்கிறது. குழம்பில்கூட வார்னிஷ் வாசனை. ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஓராண்டு நினைவு ஜெபக்கூட்டம். பாளையங்கோட்டைச் சொந்தமெல்லாம் வரும். கண்ணை மூடி ஜெபிக்கும்போதே ஒரு கண்ணைத் திறந்து, சுவரில் எந்தப் படம் என்று பார்க்கும்.

அதில்தான் எனக்கும் உங்கள் தங்கைக்கும் தகராறு. எங்கள் கல்யாணத்தில் கழுத்தில் கேமராவோடு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறீர்களே, அது அவள் கட்சி. ஆஸ்பத்திரியில் என் போனில் நான் எடுத்தது என் கட்சி.

"அண்ணன் கடைசிவரைக்கும் சிரிச்சிக்கிட்டேதான் இருந்தாவ. இந்த வாடின மொகத்துக்கு எதிர்ல உக்காந்து எப்பிடிங்க சோறு திங்கது?" என்கிறாள்.

அவள் சொல்வதும் நியாயம்தான். ஊசி போட வந்த நர்ஸம்மாவிடம்கூட, "கொஞ்சம் இடது பக்கம் திரும்புங்கம்மா" என்று சிரித்த ஆள் நீங்கள்.

ஆனால் படம் பிடிக்கிற உங்கள் தொழிலே ஒரு மோசடிதானே மச்சான்? அதுவும் பரம்பரை மோசடி. உங்கள் அம்மா கல்யாணத் தரகு பார்த்தவர். பெண் வீட்டில் காபி குடித்து, "போயிட்டு வாரேன்" என்று எழுந்தபிறகு, காலில் கிடக்கும் செருப்பையே வாசலில் நின்று தேடுவாராம். "எந்திரிச்ச பொறவுதாம்லே வீட்டுக்காரங்க மொகம் வெளிய வரும்" என்பாராம். நீங்கள் அதைக் கேமராவுக்குக் கொண்டுவந்தீர்கள். விறைப்பாக ஒரு படம். பிறகு "முடிஞ்சிட்டு, எந்திரிங்க" என்பீர்கள். நிம்மதியாக மூச்சு விடும்போது இன்னொன்று. சேரன்மகாதேவியில் மீசையை முறுக்கி நின்ற பெண்ணின் அப்பா, அந்த ஒரு மூச்சில் மகளைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. எனக்கும் அதே கதிதான். கல்யாணம் முழுக்க உள்ளே இழுத்துவைத்திருந்த தொப்பையை வெளியே விட்டேன், கிளிக்.

உங்கள் அம்மாவிடம் மட்டும் அந்த வித்தை பலிக்கவில்லை. "ஏலே, ஒனக்குப் படிச்சுக் குடுத்தவளே நாந்தான்" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வார். அவர் படம் என்று நம்மிடம் இருப்பது ரேஷன் அட்டைக்கு எடுத்தது. அதில் இருப்பவர் யாரோ.

ஆஸ்பத்திரியில் உங்கள் வித்தையை உங்களிடமே காட்டினேன். சிரித்தீர்கள். "எடுத்தாச்சு மச்சான், படுங்க" என்றேன். சிரிப்பை இறக்கிவைத்துத் தலையணையில் சாய்ந்தீர்கள். அப்போது எடுத்தேன். போனை வாங்கிப் பார்த்தீர்கள்.

"மொத தடவையா தலைய வெட்டாம எடுத்திருக்கீரு வே."

பிறகு போனைக் கண்ணருகே கொண்டுபோனீர்கள். "எங்கம்மா சாடை அப்பிடியே இருக்கு மாப்ளே. இத்தன நாளும் சிரிச்சே மறைச்சிருக்கேன்."

ஆஸ்பத்திரி என்று வாயெடுத்தாலே உங்கள் தங்கை எழுந்துபோய்விடுவாள். அதனால் நீங்கள் அம்மா சாடை என்றதை அவளிடம் சொன்னதில்லை. இன்று காலை, சண்டை போட்டு அலுத்துப்போய்ச் சொல்லிவிட்டேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து போனை வாங்கினாள். விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். கண்ணை மட்டும் பார்த்தாள், பிறகு வாயோரத்தை.

"அம்மா வெயில்ல அலைஞ்சிட்டு வந்து உக்காந்தா இப்பிடித்தான் இருப்பாவ" என்றாள். போனை என்னிடம் நீட்டி, "இதையே போடுங்க."

படம் அச்சடிக்கும் கடைப் பையன் கம்ப்யூட்டரில் உங்களைப் பார்த்து வருத்தப்பட்டான். "ரொம்ப வாடிப்போயி இருக்காவளே அண்ணாச்சி. லேசா சிரிக்க வச்சிரட்டுமா? இப்பம்லாம் ஒரு நிமிசத்து வேலைதான்."

"வேண்டாம்டே. பாவம், இப்பத்தான் இறக்கி வச்சாரு" என்றேன். அவனுக்குப் புரியவில்லை.

வெயிலில் வீட்டுக்கு நடந்தேன். நான் மேடையில் நகைச்சுவை பேசிப் பிழைப்பவன். வீட்டு வாசலில் நுழைவதும் ஒரு ஜோக்கோடுதான். பஸ் கிடைக்காத அன்றைக்கும், கூட்டத்தில் ஒருவர்கூடச் சிரிக்காத அன்றைக்கும் அப்படித்தான். இன்று செருப்பைக் கழற்றினேன். வாயில் ஒன்றும் வரவில்லை. தேடவும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தேன்.

உங்கள் தங்கை தண்ணீரை நீட்டிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள். "களைச்சுட்டீங்களா?"

"ஆமா" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து இதுவே முதல் தடவை, மச்சான்.