எதிர்முள்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்டால் "ஏதோ இருக்கேன்" என்பாய், அதனால் கேட்கவில்லை. இங்கே போன் எடுக்காது. வாரம் ஒருமுறை வரும் சாமான் படகில் இந்தக் கடிதம் ஏறுகிறது.

கடல் கடந்து மீன் பிடிக்கப் போகிறவனுக்கு மூளை இருக்கிறதா என்று கேட்டாயே, வந்து பார். முழங்கால் ஆழத் தண்ணீர், கண்ணாடி மாதிரி. படகின் முன்னால் நான் நிற்பேன். பின்னால் ஒரு மேடை. அதன்மேல் நின்று படகுக்காரன் நீளக் கழியால் படகைத் தள்ளுவான். ஒல்லி, நெட்டை. நான் வைத்த பெயர் நாரை. இறகு கட்டிய பொய் இரையை முதுகுக்குப் பின்னால் சுழற்றி மீனின் மூக்குக்கு முன்னால் வீச வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. நேற்று ஒரு பாரை மீன் கவ்வியது. ஓடுகிற நூல் என் விரலைச் சதையோடு அறுத்தது. பாதி வழியில் சுறா வந்து அதன் உடம்பைக் கொண்டுபோய்விட்டது. என் கைக்கு வந்தது தலை மட்டும். வாய் இன்னும் திறந்து மூடிக்கொண்டிருந்தது. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்து எத்தனையோ வருஷமாயிற்று.

ஒரே தொல்லை நாரைதான். மீன் கவ்வியதும் தூண்டில் கோலைத் தூக்கக் கூடாதாம். தாழ்த்தி வைத்து நூலைக் கையால் வெடுக்கென்று இழுக்க வேண்டுமாம். எனக்கு ஏரியில் பழகிய கை, தூக்கிவிடுகிறேன். மீன் போய்விடுகிறது. "என்ன சார், மீனுக்குச் சலாம் வைக்கிறீங்களா?" என்று அவனுடைய அரைகுறை இங்கிலீஷில் கேட்டுச் சிரிக்கிறான். தூண்டில் முள்ளின் நுனியில், மாட்டியது கழன்றுவிடாமல் பின்பக்கம் பார்த்து நிற்குமே எதிர்முள், அதைக் குறடால் நசுக்கிவிட்டுத்தான் வீச வேண்டும் என்பது இவர்கள் சட்டம். ஆள்மேல் பட்டால் சுலபமாக எடுக்கலாமாம். நான் நசுக்கவில்லை. பிடித்ததை நழுவவிடவா இவ்வளவு தூரம் வந்தேன்?

உன் பிரியமுள்ள
தம்பி


மார்ச் 11

அன்புள்ள தம்பிக்கு,

ஏதோ இருக்கிறேன்.

மீன் தலையைப் பற்றி நீ எழுதியதை உன் மனைவியிடம் சொல்லவில்லை. அவள் இன்னும் தன் அம்மா வீட்டில்தான் இருக்கிறாள். நீ திரும்பும் தேதியைக் கேட்டாள். ஆசையில் கேட்டது போலத் தெரியவில்லை.

சாவியைப் பக்கத்து வீட்டில் கொடு என்று சொன்னேன், நீ கேட்காமல் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாய். அதனால் கல்லூரி விட்டதும் இரண்டு பஸ் மாறிப் போய் உன் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். குளியலறைக் கதவில் முஷ்டி அளவு ஓட்டை. தச்சரைக் கூட்டிவந்து காட்டினேன். கையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, "உள்ள யாரும்மா இருந்தாங்க?" என்று கேட்டார். நான் செடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எதிர்முள்ளை நசுக்கிவிடு. நீ வீசும்போது அந்த ஆளின் முகம் உன் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. விரலுக்கு மருந்து போடு.

அக்கா


மார்ச் 19

அக்கா,

ஒரு விபத்து. காவல் நிலையத்திலிருந்து எழுதுகிறேன். போனைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

அன்றைக்கும் பெரிய பாரை வந்தது, நான் மறுபடி கோலைத் தூக்கினேன். நாரை சிரித்தான். கடந்துபோன இன்னொரு படகுக்காரனைக் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தான். அடுத்த வீச்சில் பின்னால் போன முள் அவன் கன்னத்தில் ஏறிவிட்டது. எனக்கென்ன முதுகிலா கண் இருக்கிறது? மீன் என்று நினைத்து இழுத்துவிட்டேன். கன்னம் வாயோரம் வரை கிழிந்து தொங்கியது. மேடையிலிருந்து விழுந்தான், படகின் விளிம்பில் தாடை இடித்துப் பல் கொட்டியது. தண்ணீர் சிவந்ததும் சுறாக்கள் வர ஆரம்பித்தன. நான்தான் அவனைத் தூக்கிப் படகில் போட்டேன். அதை யாரும் பேசுவதில்லை.

இவன் முன்பு யார்மேலாவது கை வைத்தவனா என்று குடும்பத்தில் ஒருவர் எழுதித் தர வேண்டும் என்கிறார் நீதிபதி. என் மனைவியைக் கேட்க முடியாது, உனக்கே தெரியும். நீ பேராசிரியை. கல்லூரி முத்திரையோடு "என் தம்பி சாது" என்று எழுதினால் அபராதத்தோடு விட்டுவிடுவார்களாம். இல்லையென்றால் மூன்று வருஷம் உள்ளே. உடனே எழுது.

தம்பி


மார்ச் 27

அன்புள்ள தம்பிக்கு,

எழுதுவதற்கு முன் எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும்.

மீன் உனக்கு முன்னால் இருந்தது, அந்த ஆள் பின்னால் இருந்தார். பின்னால் மாட்டியதை மீன் என்று எப்படி நினைத்தாய்? அவர் சொல்லிச் சொல்லியும் உனக்கு வராத பழக்கம், நூலைக் கையால் இழுப்பது, அந்த ஒரு தடவை மட்டும் எப்படி வந்தது?

நான் எம்.ஏ. சேர்ந்த வருஷம் கேரம் போர்டில் உன்னைத் தோற்கடித்துவிட்டுச் சிரித்தேன். ஸ்ட்ரைக்கர் என் இடது கண்ணில் வந்து அடித்தது. "சின்னப் பையன், தெரியாம பட்டிருச்சு" என்று அம்மா டாக்டரிடம் சொன்னாள். சின்னப் பையனுக்கு அப்போது பதினேழு வயது. அந்தக் கண்ணுக்கு இன்றும் வெளிச்சம் தெரியும், எழுத்து தெரியாது. தெரியாமல் பட்டது என்ற வாக்கியத்தை நான் மறு கண்ணால்தான் படிக்கிறேன்.

அவர் பேசுகிறாரா? சாப்பிட முடிகிறதா? நீ எழுதவில்லை.

அக்கா


ஏப்ரல் 4

வாத்தியாரம்மா,

எனக்கே பரீட்சையா? சரி, பதிலை எழுதிக்கொள். இந்த எழுத்து இங்கே ஒருத்தனுக்கும் படிக்கத் தெரியாது.

தெரிந்துதான் இழுத்தேன். திரும்பிப் பார்த்தேன். இறகு அவன் கன்னத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கையையும் நீட்டி "இழுக்காதீங்க சார், இழுக்காதீங்க" என்றான். அப்போது அவன் சிரிக்கவில்லை. கோலைத் தாழ்த்தினேன், அவன் சொல்லிக்கொடுத்தபடியே இழுத்தேன். விழுந்த பிறகு கழியை எடுத்து வாயிலேயே இரண்டு போட்டேன். விளிம்பில் இடித்துப் போன பல் இல்லை அது. மற்றப் படகு அதற்குள் தூரம் போய்விட்டது. அவனுக்கு இன்னும் பேச வாய் கூடவில்லை. போதுமா?

கூடப்பிறந்தவள் என்றால் எழுது. எழுதாவிட்டாலும் ஒருநாள் வெளியே வருவேன். உன் வீட்டு வாசல் எனக்குத் தெரியும். உனக்கு இன்னும் ஒரு கண் பாக்கி இருக்கிறது.

தம்பி


ஏப்ரல் 12

அன்புள்ள தம்பிக்கு,

நீதிபதிக்கு எழுதிவிட்டேன். முத்திரை வைக்கவில்லை, தம்பியைப் பற்றிச் சொல்லக் கல்லூரியின் சாட்சி வேண்டாம். கண்ணைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். உன் மனைவி வந்து மேசைக்கு எதிரில் உட்கார்ந்து தன் பங்கை எழுதினாள். என்னுடையதைவிட நீளம். நடுவில் ஒருமுறை எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தாள். காபி போட்டுக் கொடுத்தேன்.

உன் ஏப்ரல் 4 கடிதத்தை மொழிபெயர்த்து, மூலத்தோடு சேர்த்து அனுப்பினேன். ஒரு சொல்லையும் நான் கூட்டவில்லை. உன் நடையே போதுமானதாக இருந்தது. தபாலில் சேர்த்த பிறகுதான் உனக்கு இதை எழுதுகிறேன்.

அங்கே சிறையில் ராத்திரி தரை குளிரும் என்று உன் வக்கீல் சொன்னார். கம்பளிச் சட்டை ஒன்று தனிப் பொட்டலமாக வருகிறது. கை கொஞ்சம் நீளம், மடித்துவிட்டுக்கொள்.

இனி எனக்கு எழுதாதே. எழுதினால் பிரிக்காமல் நீதிபதிக்கே அனுப்பிவிடுவேன். மொழிபெயர்ப்பை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா