மயில்வண்டி

மயிலாப்பூர்,
1949, தை மாதம்

என் வீட்டுக்காரர் அவர்களுக்கு அநேக வணக்கம். உங்கள் மூட்டுவலி தேவலையா? இங்கே பேரன் சுகம்.

ஒரு சேதி. பதறாதீர்கள், நல்ல சேதிதான். பிள்ளை பெற்றதிலிருந்து நம் மகள் பேச்சி யாரோடும் பேசவில்லை, பிள்ளையையும் தொடவில்லை. பேய்க் கோளாறு, கோவிலில் கட்டிப்போடுங்கள் என்றாள் சம்பந்தியம்மாள். குளத்தங்கரைப் பக்கம் தர்ம ஆஸ்பத்திரியில் ‘மனக் கவலைக்கும் வைத்தியம் உண்டு’ என்று புதுப் பலகை. அஞ்சாம் கிளாஸ் படித்தது வீண்போகுமா? எழுத்துக்கூட்டிப் படித்து, அவளை அழைத்துப் போய்விட்டேன்.

நர்ஸம்மா என்னிடம், “பொண்ணோட புருசன் பேரு இன்னா?” என்றாள். மாப்பிள்ளைக்கும் உங்களுக்கும் ஒரே பெயராச்சே, நான் எப்படிச் சொல்வேன்? “இந்த ஊர்ப் பேருல முதல் பாதி, அப்புறம் ஏறிப் போவோமே, அது” என்றேன்.

“இன்னாம்மா, மயில்வண்டியா?”

பேச்சி களுக்கென்று சிரித்துவிட்டாள்! “வண்டி இல்லக்கா, வாகனம்!”

எத்தனை நாளைக்குப் பிறகு கேட்ட குரல்! எனக்குத் தலைகால் புரியவில்லை. பிரசவத்துக்குப் பின் சிலருக்கு இப்படி வருமாம். சீக்கிரம் வந்ததால் குணமாக்குவது சுலபம் என்றார் டாக்டர். வீட்டிலிருந்தே வந்து போகலாமாம். நம் ஊருக்கும் இப்படி ஒரு டாக்டர் வேண்டுமென்று பஞ்சாயத்தில் கேளுங்கள்.

சுக்கும் கருப்பட்டியும் அனுப்புங்கள். விடிந்ததும் உங்களுக்கு வெந்நீர் போட எழுந்துவிட்டு, சும்மா உட்கார்ந்திருக்கிறேன். தபால் எடுக்கும் நேரம். கவர்மேல் உங்கள் பெயரை நான் எழுதக்கூடாதே. மடியில் பிள்ளையோடு பேச்சிதான் எழுதப்போகிறாள்; அப்பா பெயர்தானே, தோஷமில்லை என்கிறாள்.

கோணலாக இருந்தாலும் அந்த எழுத்தை இரண்டு தரம் பாருங்கள்.

வடிவம்மாள்