முட்டத்துக்காரனின் முடி

இன்று காலை வடசேரியில் முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்தேன். வெட்டுகிறவர் கத்தரியைப் பாதியில் நிறுத்தி, "சாரே, ஒரு வெள்ளை கெடக்கு. பறிச்சிரட்டா?" என்றார். என் முதல் நரை. இன்னும் முப்பது ஆகவில்லை. கழுத்தைச் சுற்றிய துணியில் அது விழுந்ததும் உன் நினைவு வந்தது, கூடவே பழைய வயிற்றெரிச்சலும். உனக்கு இனி நரைக்காது. போன ஆடியில் நாலே நாள் காய்ச்சலில், கருகருவென்ற தலையோடு போய்ச் சேர்ந்துவிட்டாய். எதிலும் என்னைவிட ஒரு படி மேலாகத்தான் உனக்கு வாய்க்கும். செத்தவன்மேல் பொறாமைப்படுகிறவனை என்னவென்று சொல்வது? அதை நீதான் சொல்ல வேண்டும். என்னை உன்னைப்போல் அறிந்தவர் யாருமில்லை.

நாகர்கோவில் பள்ளிக்கூடத்தில் நாம் நாலாம் பாரம் படித்த வருஷம் புது ஹெட்மாஸ்டர் வந்தார். வந்த வாரமே வராந்தாச் சுவரில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. பையன்களின் முடி காதுக்குக் கீழே இறங்கக் கூடாது, குடுமி கூடாது, மீறினால் வகுப்புக்குள் இடமில்லை. சேதி எங்கள் ஊரான கொட்டாரத்தை எட்டிய அன்றே, தாலுகாக் கச்சேரியில் குமஸ்தாவாக இருந்த என் அப்பா ஆளை வரவழைத்து என் குடுமியை எடுத்துவிட்டார். "சட்டம்ணா சட்டந்தாம்ல. தலையா போவுது, மயிருதானே" என்றார். அம்மா உள்ளே போய் அழுதாள். எனக்கு அழுகைகூட வரவில்லை. நான் வகுப்புச் சட்டாம்பிள்ளை, மார்க்கிலும் முதல் ஆள். அடங்கிப் போவதிலும் முதலாக இருந்துவிட்டேன் என்று மறுநாள் கிராப்புத் தலையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

ஒரு வாரத்தில் எல்லாக் குடுமியும் விழுந்தது. நீ மட்டும் பிடரியில் முடிந்த கொண்டையோடு வந்து நின்றாய். மாதாவுக்கு நேர்ந்த முடி என்றாய். ஹெட்மாஸ்டர், "தலை உன்னுடையதுதானே? வெட்டிக்கொண்டு வா" என்றார். நீ கையைக் கட்டிக்கொண்டு சொன்னாய்: "தலை எனக்கது சார். முடி எங்கம்மைக்கது."

அந்த மாதிரி ஒரு வார்த்தை என் வாயில் ஏன் வரவில்லை என்று அன்று முழுதும் குமைந்தேன். என் அம்மா அழுதபோது எனக்கு அது தோன்றியிருக்கக் கூடாதா?

உன்னை வராந்தாவில் நிறுத்தினார்கள். அது தண்டனையா மரியாதையா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்று பாடம் கேட்டாய். கணக்கு சார் உனக்குத் தெரியட்டும் என்று கரும்பலகையைச் சாய்த்து வைத்தார். முன்பெஞ்சில் இருந்த எனக்குத்தான் பாதி மறைந்தது. தமிழ் சார் குரலை உயர்த்திப் படித்தார். காலாண்டுப் பரீட்சையைத் தரையில் உட்கார்ந்து எழுதி முதல் ஆளாக வந்தாய். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

பையன்கள் சேர்ந்து ஒரு விண்ணப்பம் எழுதினார்கள். நேர்ச்சை முடிக்கு விலக்கு வேண்டும் என்று கேட்டு எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். நானும் போட்டேன். மற்றவர்களைவிட அழகாகவே போட்டேன். அதில்தான் என்ன ஒரு அல்பத்தனம்!

ஹெட்மாஸ்டர் கெட்டவரல்ல. விண்ணப்பத்தைப் படித்துவிட்டு உன்னைக் கூப்பிட்டு, "நேர்ச்சை என்றைக்கு முடியும்?" என்று கேட்டார். "எங்கப்பன் கடல்லேந்து வந்த அன்னைக்கு சார்" என்றாய். அவர் தலையசைத்து, மாலையில் சட்டாம்பிள்ளையான என்னை மட்டும் தம் அறைக்கு அழைத்தார்.

நான் முந்தின வருஷம் கிறிஸ்மஸ் லீவில் உன் ஊரான முட்டத்துக்கு வந்தது நினைவிருக்கிறதா? உன் அம்மை எனக்குச் சாளைமீன் குழம்பும் சோறும் போட்டுவிட்டு, உன் முடியை அவிழ்த்து, விரலால் கோதிக் காட்டினாள். "அவரு வந்து எறங்கின அன்னைக்கு மொட்ட போடணும் மக்கா. நல்லா வளந்திருக்கு, பாரு" என்றாள். பிறகு பாறை மேட்டில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒரு கிழவர் என்னிடம் மெல்லச் சொன்னார்: "கட்டுமரம் கரை ஒதுங்கிச்சு, ஆளு இல்ல. ரெண்டு வருசமாச்சு. அவகிட்ட சொல்ல இந்தக் கரையில ஆருக்கும் நாக்கு எழும்பல்ல." திரும்பி வரும் வழியில் நீயாகவே கேட்டாய். "சொல்லிட்டாவளா? அம்மைகிட்ட மட்டும் சொல்லிராத, என்னா?" சொல்லமாட்டேன் என்று உன் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

ஹெட்மாஸ்டர் பேனாவை மையில் தொட்டுக் கையில் வைத்திருந்தார். எதிரே விலக்கு உத்தரவு எழுதத் தாள் இருந்தது. "அவன் தகப்பனார் எப்போது வருவார்? உனக்குத் தெரியுமா?" என்றார்.

தெரியாது என்று ஒரு வார்த்தை போதும். நீ வகுப்புக்குள் வந்திருப்பாய். ஒரு சட்டத்தையே வளைத்தவனாக, கொண்டையோடு, என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாய். அதை என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது. "வரமாட்டார் சார். செத்து மூணு வருசமாச்சு. முட்டத்துல எல்லாருக்கும் தெரியும்" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

இரண்டு நாள் கழித்து உன் அம்மையை வரவழைத்தார். தலையிலிருந்த மீன் கடவத்தை வாசலில் இறக்கிவைத்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவளுக்குத் தெரியாத ஒன்று இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை. "உங்கள் வீட்டுக்காரர் இறந்து மூன்று வருஷமாகிறதே அம்மா. இனி நேர்ச்சை எதற்கு?" என்று தணிந்த குரலில்தான் கேட்டார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. வராந்தாவில் நின்ற நம் எல்லோரையும் பார்த்தாள். "எனக்க மாப்பிள செத்தாருண்ணு ஆரு சொன்னா?"

உன் கண் ஒரு கணம் என்மேல் வந்து நின்றது. "நாந்தான் அம்மா சொன்னேன்" என்றாய்.

"நீயா மக்கா?"

"ஆமா."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு உன்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, உன் கொண்டையை அவிழ்த்து, ஒருமுறை கோதி, உன் கையைப் பிடித்து எழுந்து போனாள். திங்கட்கிழமை மொட்டைத் தலையோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய். அடுத்த சந்தையில் உன் அம்மையைப் பார்த்தேன். வெள்ளைச் சேலை உடுத்தியிருந்தாள்.

"ஏம்ல என்னைக் காட்டிக் குடுக்கல்ல?" என்று கேட்டபோது, புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாய்: "உன் பேரச் சொன்னா அவ உன்னச் சபிச்சிருப்பா. கடக்கரைச் சாபம் பொல்லாதது. சொந்தப் பிள்ளைய சபிக்கமாட்டா இல்லியா?" நான் அழுதிருக்க வேண்டும். உன் காலில் விழுந்திருக்க வேண்டும். அப்போதும், இதிலும் இவன் என்னை ஜெயித்துவிட்டானே என்றுதான் உள்ளே எரிந்தது.

உன்னை அடக்கம் செய்த மறுநாள் முட்டத்துக்கு வந்தேன். உன் அம்மைக்குக் கண் மங்கிவிட்டது. குரலைக் கேட்டு அடையாளம் கண்டு, என் கையை மடியில் வைத்துக்கொண்டாள். "ஊரு முழுக்க எனக்கிட்ட மறைச்சுது மக்கா. நானும் பைத்தியக்காரி மாதிரி கடலப் பாத்துக்கிட்டு இருந்தேன். எனக்க பிள்ள ஒருத்தந்தான் உள்ளதச் சொன்னான். அந்தச் சின்ன வயசுல அவனுக்கு எம்புட்டு நெஞ்சுரம் இருந்திருக்கணும், இல்லியா?"

நாந்தான் சொன்னேன் என்று வாயைத் திறந்தேன். பழியை ஏற்கத் திறந்தேன் என்று வேறு யாரிடமாவது சொல்லிக்கொள்ளலாம். உன்னிடம் அது செல்லாது. அவள் உனக்குக் கொடுத்த அந்தப் பெயரை உன்னிடமிருந்து பிடுங்கத்தான் திறந்தேன். அவள் என் கையைத் தடவிக்கொண்டிருந்தாள். "ஆமாம்மா, அவன்தான் சொன்னான்" என்றேன்.