கடித்தது பொமரேனியன்

செவ்வாய், இரவு

பால்காரரைக் கடித்தது எதிர் வீட்டுப் பொமரேனியன். தெருவே பார்த்தது. ஆனால் சாயங்காலம் வீட்டு ஓனர் என் வாசலில் வந்து நிற்கிறார்.

"உன் ராட்வீலர் நாய எங்கனா வுட்டுடும்மா. எல்லாரும் பயந்துக்கினு இருக்காங்க."

"கடிச்சது இது இல்லீங்களே?"

"நாளைக்கு இது கடிச்சா? மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே!"

பால்காரரே காலில் கட்டோடு வந்து, "அது என்னை ஒண்ணும் பண்ணலீங்க" என்றார். யார் கேட்டார்கள்? நாயை விடு, இல்லையென்றால் வீட்டைக் காலி பண்ணு என்று ஓனர் சொல்லிவிட்டார்.

இடி இடித்தாலே கட்டிலுக்கடியில் நுழைகிற கருப்பனை எங்கே விடுவேன்? எரிச்சலில் சின்னசேலத்தில் வாடகைக்கு இருந்த ஒரு வீட்டுக்குப் போன் செய்தேன். நாய் இருக்கிறது என்றதும் அந்த அம்மா முதலில் கேட்டதே, "இன்னா நாய்?"

"நாட்டு நாய்தாங்க. கொஞ்சம் பருமன்."

"அப்ப சரி. வர்றப்ப அதையும் கூட்டிக்கினு வா, பாப்போம்."