சர்ச் மடுவில் ஒரு பாறை

அன்புள்ள எலெரிக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவின் முழங்காலும் என் இரத்த அழுத்தமும் அதனதன் எல்லைக்குள் இருக்கின்றன. நியூசிலாந்துக் குளிரை நீயும் இருமல் இல்லாமல் கடத்திக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன். நீ அனுப்பி வைத்த கெதின் பத்திரமாக வந்து சேர்ந்தான், ஒரு வாரம் நம் வீட்டில் தங்கினான், நேற்றுக் காலை ரயிலில் வடக்கே தன் அம்மாவைப் பார்க்கப் போனான். இவனைக் கல்யாணம் செய்துகொள்ளலாமா, பார்த்துவிட்டு மறைக்காமல் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாய். பார்த்தேன். பார்க்கப் பார்க்கச் சந்தேகம்தான் கூடியது, அதனால் நடந்ததை வரிசையாகவே எழுதுகிறேன்.

அவன் வந்த அன்று மழையும் வந்தது. அதற்கு முன் பல வாரமாக இங்கே ஒரு சொட்டு இல்லை, ஆறு கூழாங்கல் தெரிய மெலிந்து கிடந்தது, கடலிலிருந்து ஏற வேண்டிய செவின் மீன்களெல்லாம் முகத்துவாரத்திலேயே காத்துக்கிடந்தன. இவன் பெட்டியை இறக்கி வைக்கிறான், மலைப்பக்கம் இடிக்கிறது. உன் அம்மா இதை நல்ல சகுனம் என்றாள். வானிலை அறிக்கையை முன்னாடியே பார்த்துவிட்டு டிக்கெட் எடுத்திருப்பான் என்றேன் நான். கேட்டால் மறுப்பான் என்று நினைத்தேன், ஆனால் அவன், "ஆமா சார், பாத்துட்டுத்தான் எடுத்தேன்" என்றான். முதல் சந்தேகம் அங்கேதான் முளைத்தது. அன்று இரவுச் சாப்பாட்டில் அம்மாவின் ஆட்டுக்கறிச் சூப்பைக் குடித்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கு, உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்றான். கல்யாணமான நாள் முதல் அந்த உப்பை வாயைத் திறக்காமல் விழுங்கி வருகிறவன் நான். அம்மா கோபப்படுவாள் என்று காத்திருந்தேன், அவளோ சிரித்துக்கொண்டு அவனுக்கு இன்னொரு கரண்டி ஊற்றினாள். இதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

வெள்ளம் வடியத் தொடங்கி, தண்ணீர் பால் விட்ட டீ நிறத்திலிருந்து பால் விடாத டீ நிறத்துக்கு வந்தது. அந்த நிறத்தில் செவின் பகலிலேயே கடிக்கும் என்று உனக்குத் தெரியும். ஊரே தூண்டில் கோலோடு ஆற்றில் இறங்கியது. சாயங்காலம் மீன்பிடிச் சங்கக் கொட்டகையில் வழக்கம்போல ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டோம். நம் ஊர் நாகரிகம் உனக்கு மறந்திருக்காது. எங்கே பிடித்தாய் என்று கேட்பது மரியாதை, அதற்கு வேறு ஒரு மடுவின் பெயரைச் சொல்வது பதில் மரியாதை. தபால்கார எல்வெட் மேலே என்றால் கீழே என்று எடுத்துக்கொள்வோம், தூண்டிலில் கட்டிய இறகு ஈ கறுப்பு என்றால் வேறு ஏதோ நிறம். இதில் யாரும் யாரையும் ஏமாற்றியதில்லை. எல்வெட் கெதினிடமும் கேட்டான். இவன் இரண்டு நல்ல மீனைக் கீழே வைத்துவிட்டு, "சர்ச் மடு. மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம். கறுப்பு முடியில வெள்ளிக் கம்பி சுத்தின சின்ன ஈ. கலங்கல் தண்ணியில மீன் நடுவுல நிக்காது, கரையோரமாத்தான் ஏறும், அதனால தண்ணிக்குள்ள இறங்காமலே வீசினேன்" என்றான். யாரோ டீக்கோப்பையைக் கீழே வைத்தார்கள்.

மறுநாள் ஊரே மரப்பால மடுவில் தோளோடு தோள் உரசி நின்றது. சர்ச் மடுவில் இவன் ஒருவன் மட்டும். அன்றும் இரண்டு மீன், அன்றும் கேட்டபோது சர்ச் மடு என்றான். எல்வெட் என்னை ஓரமாக இழுத்து, "டேய் எம்லின், உன் மருமகன் லேசுப்பட்ட ஆளில்லடா. நேத்து சர்ச்னான், சரி, சர்ச் இல்லன்னு வெச்சுக்கிட்டோம். இன்னைக்கும் அதையே சொல்றான். அவன் பொய்ய மாத்துவான்னு நாம நினைப்போம்னு தெரிஞ்சே மாத்தாம வெச்சிருக்கான். வடக்கத்தியானுக்கு இவ்வளவு மூளையா?" என்றான். இன்னும் மருமகன் ஆகவில்லை என்றேன். "ஆகறதுக்கு முன்னாடியே இந்தப் போடு போடறான்" என்றான். அடுத்த நாள் எல்லோரும் இன்னும் மேலே, கடிவாளம் போட்ட குதிரைகள் மாதிரி வரிசையாக, ஒரு மீனும் இல்லாத அணைக்கட்டுக்கே போனார்கள்.

இப்போது என் நிலைமையை யோசித்துப் பார். இவன் வாயில் உண்மையைத் தவிர வேறெதுவும் வராது என்றால், நீ பாடும் லட்சணத்தைப் பற்றி ஒருநாள் உன்னிடமே சொல்லிவிடுவான், அதைத் தாங்கிக்கொண்டு நீ வாழ வேண்டும். உண்மையைச் சொன்னால் இங்கே எவனும் நம்ப மாட்டான், மடு முழுவதும் தனக்கே கிடைக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் சொல்கிறான் என்றால், அப்படிப்பட்டவனோடு நீ வாழவே கூடாது. இரண்டில் எது என்று அவன் முகத்தில் தெரியவில்லை. நேர்மையான முகம், எதையும் கண்டுபிடிக்க ஒரு பயனும் இல்லாத முகம்.

வெள்ளிக்கிழமை எல்வெட் யாருக்கும் தெரியாமல் சர்ச் மடுவுக்குப் போய் ஒரு மீனோடு வந்தான். அணைக்கட்டு என்று எங்களிடம் சொன்னான், ஆனால் காலணியில் சர்ச் மடுவின் சிவப்புச் சேறு ஒட்டியிருந்தது. அன்று மாலைக்குள் பையன் நிஜமாகவே நிஜம்தான் பேசுகிறான் என்று ஊர் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. எல்லோரும் அவனைப் பரிதாபத்தோடு பார்த்தார்கள்.

அதனால் சனிக்கிழமை நானே அவனோடு சர்ச் மடுவுக்குப் போனேன். காற்று கிழக்கே திரும்பிவிட்டது, வெயில், தண்ணீர் நன்றாகத் தெளிந்துவிட்டது. "இன்னைக்குக் கரையோரம் ஒண்ணும் இருக்காது சார். நிழல்ல, ஆழத்துல படுத்திருக்கும். ஈயைச் சின்னதாக்குங்க, மேகம் வரட்டும், காத்திருப்போம்" என்றான். நான் பெரிய ஈயைத்தான் கட்டினேன். ஏன் என்று கேட்காதே. அவசரமாகக் கட்டினேன், எச்சில் தடவி இறுக்கக்கூட இல்லை. அவன் என் விரல்களைப் பார்த்தான், எதுவோ சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டான். மத்தியானத்துக்குப் பிறகு மேற்கே ஒரு மேகம் வந்து வெயிலை மூடியது. மரநிழலில் ஈ போய் விழுந்த இடத்தில் தண்ணீர் வீங்கியது. எலெரி, அப்படி ஒரு மீனை நான் என் கையில் உணர்ந்ததே இல்லை. இரண்டு தடவை முழு உடம்போடு மேலே எழும்பியது. கெதின் கைவலையோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றான். பக்கத்தில் வந்தது, பக்கவாட்டில் சாய்ந்தது, பிறகு கோல் நிமிர்ந்துவிட்டது, மீன் போய்விட்டது.

தூண்டில் நரம்பைச் சுருட்டி நுனியைப் பார்த்தேன். பன்றி வால் மாதிரிச் சுருண்டிருந்தது. நரம்பு அறுந்தால் நுனி அப்படி இருக்காது, கட்டு நழுவினால்தான் இருக்கும். சிறுபிள்ளைக்கும் தெரியும். அவனும் பார்த்தான். நான் நுனியைக் கடித்துத் துப்பினேன், கொட்டகைக்கு நடந்தோம். எதிர்க்கரையிலிருந்து அந்த மீன் எழும்பியதை இரண்டு பேர் பார்த்திருந்தார்கள், அதனால் கொட்டகை நிறைய ஆள். எல்வெட் என்னைக் கேட்கவில்லை. உண்மை எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவன் போல நேரே கெதினைக் கேட்டான், "என்னப்பா ஆச்சு, நம்ம எம்லின் வாத்தியார் கட்டு போட மறந்துட்டாரா?"

கெதின் ஈரக் காலுறையைப் பிழிந்துகொண்டே நிதானமாகச் சொன்னான். "பாறைங்க. மடு நடுவுல தண்ணிக்கடியில ஒரு பாறை இருக்கில்ல, மீன் அதைச் சுத்திப் போயிடுச்சு, நரம்பு உரசி அறுந்துடுச்சு. சார் செஞ்சதுல ஒரு தப்பும் இல்ல. யாரா இருந்தாலும் போயிருக்கும்."

சர்ச் மடுவில் பாறை கிடையாது. கரைக்குக் கரை சரளைக்கல்தான். அந்தக் கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் அரைக்கால் சட்டை வயதில் அங்கே நீந்தியவர்கள். ஒருத்தர் முகமும் அசையவில்லை. கடைசியில் எல்வெட் தலையை ஆட்டிக்கொண்டு, "ஆமா, பொல்லாத பாறை அது. எங்க அப்பாவுக்கும் அதுலதான் ஒண்ணு போச்சு" என்றான். இன்னொருவர் அது வருஷா வருஷம் வளர்கிறது என்றார். பிறகு கெதினுக்கு நாற்காலி போட்டு டீ கொடுத்தார்கள். ஒரு வாரமாக அவன் நின்றுகொண்டே குடித்திருந்தான்.

வீட்டுக்கு வரும் வழியில், ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "பாறை இருக்கு சார்" என்றான் அதே முகத்தோடு. ஒரு நொடி எனக்கே இருக்குமோ என்று பட்டது. அதில்தான் என் புதுச் சந்தேகம். இவ்வளவு சுத்தமாகப் பொய் சொல்லத் தெரிந்தவன் முதல் பொய்யை அன்றுதான் சொன்னான் என்று நான் எப்படி நம்புவது? சூப்பில் உப்பு உண்மையிலேயே அதிகம், அது ஒன்றுக்கு நான் சாட்சி. மற்றதற்கு ஆதாரம் இல்லை.

ஆகவே என் தீர்ப்பில் பாதியை உன்னிடம் விடுகிறேன். அவன் அங்கே திரும்பி வந்ததும், அப்பாவின் பெரிய மீன் எப்படித் தப்பியது என்று சாதாரணமாகக் கேள். உன்னிடமும் பாறை என்றால், இன்னும் ஒரு வருஷம் யோசி. உன்னிடம் மட்டும் கதவைச் சாத்திவிட்டு, உங்கப்பாவுக்குக் கட்டுப் போடத் தெரியவில்லை என்றால், தாமதிக்காமல் அவனை மணந்துகொள். என் முழு ஆசீர்வாதமும் அதற்கு உண்டு. நீங்கள் இருவரும் நன்றாக இருங்கள். கழுத்துக்குக் கம்பளி போட்டுக்கொள், கிடைத்த நேரத்தில் சாப்பிடாமல் வேளாவேளைக்குச் சாப்பிடு. பதில் எழுதும்போது இந்த விஷயத்தைத் தனித்தாளில் எழுது, அம்மாவிடம் நான் பாறை என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

என்றும் உன் நலம் கோரும்,
அப்பா
எம்லின்