முன்கதவு ஸ்பீக்கர்கள் குறித்த ஐயப்பாடுகள்

செவ்வாய்க்கிழமை, 12 மார்ச் 2019, காலை 6.40
குறிப்பு 1: சேதம்

காரின் முன்கதவு ஸ்பீக்கர்கள் இரண்டும் கிழிந்துவிட்டன. செய்தி வாசிப்பவர் தகரக் குடத்துக்குள்ளிருந்து இருமுகிறார். நான் ஒலியை எட்டாம் எண்ணுக்கு மேல் ஒருநாளும் ஏற்றியதில்லை. கிழியும்வரை அலறவைத்தது யார்? போன வாரம்தான் சர்வீசுக்கு விட்டோம். மெக்கானிக் மீது ஐயம். அவன் சிரிப்பே சரியில்லை.

வியாழன், 14 மார்ச்

ஒலிக்குமிழில் பென்சிலால் மெல்லிய கோடு இட்டுவைத்தேன்.

வெள்ளி, 15 மார்ச்

கோட்டைக் காணோம். துடைக்கப்பட்டிருக்கிறது! கார் வாசலில், பூட்டியபடி. ஒரு சாவி என் சட்டைப்பையில். மற்றது மேசை இழுப்பறையில். ஆக, மெக்கானிக் விடுதலை. வீட்டில் இருப்பது நானும் மனைவியும். அவளுக்கோ வண்டி ஓட்டவே தெரியாது.

கேட்டேன். "கோடா? என்ன கோடு?" என்றாள், வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

சனி, 16 மார்ச், மாலை 5.15
குறிப்பு 2: கடை

புது ஸ்பீக்கர் விலை மாத மருந்துச் செலவைத் தாண்டக் கூடாது என்ற தீர்மானத்துடன் கிளம்பினேன். எங்கே கூப்பிட்டாலும் முழங்கால் வலி என்பவள், இன்று எனக்கு முன்பே செருப்பு மாட்டிக்கொண்டு நின்றாள்.

விற்பனையாளர் தேன் ஒழுகப் பேசினார். "ஐயா, இதப் போட்டீங்கன்னா காரே டான்ஸ் ஆடும்!"

"ஓடினாப் போதும், ஆட வேணாம்" என்றேன்.

அவள் குறுக்கிட்டாள். "அட்டையில ஆயிரம் வாட்ஸ் எழுதுவாங்க தம்பி. கார் ரேடியோ குடுக்கிற பவர்லயே இது பாடுமா, இல்ல தனியா ஆம்ப் வாங்க வைப்பீங்களா?"

"அம்மா வெவரமா இருக்காங்களே!"

"பின்கதவ விடுங்க. முன்னாடி ரெண்டு போதும். குத்து வேணாம், குரல் தெளிவா கேக்கணும்."

கண்ணை மூடிக் கேட்டாள். முதல் ஜோடியை "மூக்கால பாடுது" என்று தள்ளினாள். அடுத்தது தேறியது, விலையும் குறைவு. பணப்பைக்கு நிம்மதி, மனத்துக்கு இல்லை. ஆம்ப்ளிஃபையரை ஆம்ப் என்று சுருக்கிச் சொல்ல இவளுக்கு எப்படித் தெரியும்? எலி எதற்கு அம்மணமாக ஓடுகிறது?

திங்கள், 18 மார்ச்

காலையில் பொருத்தியாயிற்று. மாலை, உலாவச் செல்வதாகச் சொல்லிவிட்டுத் தெருமுனையிலேயே திரும்பினேன்.

கார் வாசலில். கண்ணாடிகள் மூடியிருந்தன. உள்ளே அவள் — வாயை முழுதாகத் திறந்து, தொடையில் தாளம் தட்டிப் பாடிக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் பாடகி மேலே ஏற ஏற, இவளும் விடாமல் ஏறினாள்.

தட்டினேன். கண்ணாடி இறங்கியது.

"இங்க என்ன பண்ற?"

"பாத்தாத் தெரியலையா? வீட்டுல வாயத் தொறந்தா உங்களுக்குத் தலவலி. இங்க கண்ணாடிய ஏத்திட்டா யாருக்கும் வலிக்காது. பழைய ஸ்பீக்கர நாந்தான் கிழிச்சேன். கோட்டையும் நாந்தான் துடைச்சேன், போதுமா?"

"கேட்டப்பவே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா சாவிய வேற எடத்துல ஒளிச்சு வெப்பீங்க."

வைத்திருப்பேன். கண்ணாடி மறுபடி ஏறியது. நான் வெளியே நின்றேன். அவள் போகச் சொல்லவில்லை, உள்ளே வரவும் சொல்லவில்லை. பாட்டு முடியும்வரை நின்றேன். தலை வலிக்கவில்லை.

செவ்வாய், 19 மார்ச், காலை 6.40
குறிப்பு 3: கடிதம்

நேரில் சொல்ல நா எழவில்லை. எழுதி, அவள் மூக்குக்கண்ணாடிக் கூட்டின் அடியில் வைத்துவிட்டேன். வழக்கத்துக்கு மாறாக நகல் எடுக்கவில்லை.

இணைப்பு:
1. காரின் மாற்றுச் சாவி.
2. ஸ்பீக்கர் உத்தரவாத அட்டை, அவள் பெயரில்.
3. மாலை வேளைகளில் பக்கத்து இருக்கையில் அமர்ந்து கேட்க அனுமதி கோரும் விண்ணப்பம் ஒன்று.