நீல போர்ட்டில் சிக்கிய தாய்மாமன்

அண்ணே,

இன்று காலை உங்கள் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து தூசி தட்டிவிட்டு மறுபடி ஓட விட்டேன். உள்ளே விசிறி சுற்றத் தொடங்கியதும் ஒரு வாசனை வந்தது. சூட்டில் தூசி கருகும் வாசனை. கல்யாண மண்டபத்தில் என் கையிலிருந்த வீடியோ லைட்டை முதல்முறை போடும்போது வருமே, அதே வாசனை. "ஏப்பா லைட்டு, மாப்பிள்ளை மூஞ்சியில அடிக்காத, தூங்குற மாதிரி தெரியுறாரு" என்று காமிராவுக்குப் பின்னாலிருந்து நீங்கள் சொல்வது போலவே இருந்தது. சட்டென்று எழுந்து நின்றுவிட்டேன். அப்புறம் எனக்கே சிரிப்பு வந்தது. உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

ஆமாம் அண்ணே, நானேதான் எழுதுகிறேன். மெதுவாகத்தான் போகிறது. அவசரம் ஒன்றும் இல்லை.

இந்தப் பெட்டியை நீங்கள் பழங்காநத்தம் வீட்டு முன்னறையில் கொண்டுவந்து வைத்த நாளில் மதனி என்ன பாடு படுத்தினார்கள்! "கேசட்டு இருந்த பீரோவைக் காலி பண்ணச் சொன்னா, அதுக்குப் பதிலா ஒரு இரும்புப் பெட்டியா?" என்றார்கள். நீங்கள் அசரவில்லை. நாம் இருவரும் ஊர் ஊராகப் போய் எடுத்த கல்யாணங்கள் எல்லாவற்றையும் கேசட்டிலிருந்து அதற்குள் ஏற்றினீர்கள். பூஞ்சை பிடித்த கேசட்டுகள் பழைய சாமான்காரனுக்குப் போயின. அதன் பிறகு அந்தக் கல்யாணங்கள் இந்த ஆறு டிஸ்க்குகளில் மட்டும்தான் இருந்தன.

எழுமலையிலிருந்து அந்தப் பெண் வந்தது நினைவிருக்கிறதா? அவளுடைய கல்யாணத்தை நாம்தான் எடுத்தோம். தாயில்லாப் பிள்ளைகள், அவளும் அவள் தங்கையும். அப்போது தங்கைக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். அப்பாவுக்கும் தாய்மாமனுக்கும் பேச்சு வார்த்தை இல்லை. மூத்தவள் கல்யாணத்துக்கு மாமன் வரவேயில்லை என்பது அப்பாவின் கோபம். வந்தேன், மாலை போட்டேன், வாங்க என்று சொல்ல ஒரு ஆள் இல்லாததால் சாப்பிடாமல் போனேன் என்பது மாமனின் கோபம். கல்யாண வேலையில் அப்பா அவரைப் பார்க்கவில்லை. மாமன் எப்போது சத்தியம் செய்தாலும், மாலை வாங்கிய மூத்தவளே எடுத்துச் சொன்னாலும், அப்பா ஒரே பதில்தான் சொல்வாராம்: "கேசட்டுல காட்டு, பாப்போம்." கேசட்டில் மாமன் இல்லை.

"மாமன் வராம மணவறை ஏற மாட்டேன்னு தங்கச்சி ஒத்தக் கால்ல நிக்கிறா சித்தப்பா. வெட்டாத படம் ஏதும் இருக்கா?" என்று அவள் உங்களிடம் கேட்டாள்.

தேடிப் பார்க்கிறேன் என்று அவளை அனுப்பி வைத்தீர்கள். அவள் போன பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னீர்கள். "ஏப்பா லைட்டு, அந்த வருசந்தான் நான் ரோசாப்பூ விரியிற எஃபெக்ட் புதுசா வாங்கினேன். மாலை போடுற எடத்துல வரிசையா அதைப் போட்டுத் தள்ளினேன். அந்தப் பூவுக்குள்ள அந்த மனுசன் போயிட்டாருப்பா."

அதற்கு முன் உங்கள் முகம் அப்படி வாடி நான் பார்த்ததில்லை.

வெட்டாத முழுப் படமும் பெட்டியில் இருந்தது. ஆனால் பார்க்க முடியாதபடி அதே வாரம் பெட்டியின் மதர்போர்டு கருகிப் போயிருந்தது. பழைய சாமான் கடையில் வேறொரு போர்டு வாங்கி வந்தீர்கள். உள்ளே ஓடும் சாஃப்ட்வேரையும் புதுசாகப் போட்டீர்கள். நான் ஆறு டிஸ்க்குகளையும் சொருகினேன். கலந்துவிடக் கூடாதே என்று டிஸ்க்குக்கு ஒரு நிறமாக மதனியின் ஸ்டிக்கர் பொட்டுகளை ஒட்டி வைத்தேன். "என் பொட்டெல்லாம் இந்தச் சனியனுக்கா?" என்று அதற்கும் வசவு வாங்கினேன்.

பெட்டியைப் போட்டால், கருப்புத் திரையில் முதலில் ஆறு டிஸ்க்கும் வரிசையாக வந்தது. நான் விரல் விட்டு எண்ணிச் சொன்னேன். சாஃப்ட்வேர் முழுதாக எழுந்து நின்றதும் நாலுதான் இருந்தது. மறுபடி அணைத்துப் போட்டோம். மறுபடி ஆறு, பிறகு நாலு. ஒவ்வொரு படத்தையும் ஆறு டிஸ்க்கிலும் பிரித்துப் பிரித்து வைத்திருக்கிறது, ஒன்று போனால் சமாளித்துக்கொள்ளும், இரண்டு போனால் ஒன்றுமே திறக்காது என்று நீங்கள் எனக்கு விளக்கினீர்கள். பேசிக்கொண்டே நெற்றியைத் தேய்த்தீர்கள்.

போனில் நாம் விசாரித்தவர்களில் ஒருவர், இரண்டு டிஸ்க்கும் கெட்டிருக்கும், எல்லாவற்றையும் அழித்துப் புதுசாக ஆரம்பியுங்கள் என்றார். நீங்கள் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள்.

"மண்டபத்துல லைட்டு எரியலேன்னா நீ என்னப்பா பண்ணுவ?"

"வேற பிளக்குல சொருகிப் பாப்பேண்ணே."

"பல்பைத் தூக்கி எறிய மாட்டேல்ல?"

"பல்பு என்ன வெலை விக்கிது! எறிவேனா?"

"அப்ப இதையும் மாத்திச் சொருகு."

பெட்டியை அணைத்துவிட்டு இடம் மாற்றினேன். போர்டில் டிஸ்க்கைச் சொருகும் வாய்களைப் போர்ட் என்பீர்கள்; அவற்றில் நாலு கருப்பு, இரண்டு நீலம். நீலத்தில் இருந்த பச்சைப் பொட்டையும் மஞ்சள் பொட்டையும் கருப்புக்குக் கொண்டுவந்தேன். கருப்பில் நன்றாக இருந்த இரண்டை நீலத்தில் சொருகினேன். அம்புட்டுத்தான். காணாமல் போன இரண்டும் வந்து உட்கார்ந்தன. நன்றாக இருந்தவை காணாமல் போயின!

"டிஸ்க்கு ஒண்ணும் கெடலப்பா! இந்த நீலந்தான் கள்ளன்!" என்று நீங்கள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

நீல போர்ட் இரண்டையும் பார்த்துக்கொள்வது தனியாக ஒரு சின்ன சிப்பு என்றீர்கள். அதன் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிய வேண்டும். உங்களுக்குக் கண்ணில் புரை, எனக்கு எழுத்து தெரியாது. நான் டார்ச் அடித்துக் குனிந்தேன். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டீர்கள்.

"மொத எழுத்து எப்படி இருக்கு?"

"ஏணி மாதிரிண்ணே."

"எத்தனை படி?"

"ஒத்தப் படி."

"அது எச்சு. அடுத்து?"

"பாம்பு. படமெடுக்கல, படுத்திருக்கு."

"எஸ்சு. அப்புறம்?"

அடுப்படியிலிருந்து மதனி கேட்டார்கள்: "ரெண்டு பேரும் கம்ப்யூட்டரு பாக்குறீகளா, கனவுக்குப் பலன் பாக்குறீகளா?"

சிரித்துச் சிரித்து உங்களுக்கு இருமல் வந்துவிட்டது. எண்கள் எனக்குத் தெரியும் என்பதால் மீதியை நேராகவே சொன்னேன். அதைக் கேட்ட டவுன் பக்கத்துப் பழைய கம்ப்யூட்டர் கடைக்காரர், "அந்தச் சிப்பைப் புது சாஃப்ட்வேரு கண்டுக்கிறது இல்லண்ணே. டிஸ்க்குல ஒரு குறையும் இல்ல. தனியா ஒரு கார்டு தாரேன், அதுல சொருகிக்கங்க" என்றார். ஏதோ ஆபீசில் கழற்றிய கார்டு. அதைப் போர்டில் பொருத்தி, நீலத்தை அனாதையாக விட்டுவிட்டு, இரண்டு டிஸ்க்கையும் கார்டில் மாட்டினேன்.

திரையில் ஆறு வந்தது. சாஃப்ட்வேர் எழுந்தது. நான் எண்ணினேன். ஆறு. பயமாக இருந்ததால் இன்னொரு முறை எண்ணினேன். நீங்கள் கைகூப்பிவிட்டு, "வாப்பா, இனி அந்த மாமனைத் தேடுவோம்" என்றீர்கள்.

எழுமலையில் அவர்கள் வீட்டு டிவியில் அதைப் போட்டபோது மாமனும் வந்திருந்தார். வாசல் பக்கம் நாற்காலி போட்டு, போகிற பஸ்சுக்குக் காத்திருப்பவர் போல உட்கார்ந்திருந்தார். படம் ஓடியது. குழந்தை அழுகிறது, யாரோ செருப்பைத் தேடுகிறார், என் கை ஒரு முறை குறுக்கே வருகிறது. பிறகு மாமன் மேடை ஏறுகிறார். பெண்ணுக்கு மாலை போடுகிறார். துண்டால் கண்ணைத் துடைக்கிறார். மேடை ஓரத்தில் நின்று சுற்றிலும் பார்க்கிறார், பார்க்கிறார். கொஞ்ச நேரம் கழித்து இறங்கிப் போகிறார். காமிரா பந்திக்குத் திரும்புகிறது. அங்கே பெண்ணின் அப்பா சாம்பார் வாளியோடு வியர்த்து நிற்கிறார்.

அப்பாதான் முதலில் வாயைத் திறந்தார்.

"அடப்பாவி மச்சான். வந்துருக்க."

"இம்புட்டு வருசமா நான் வேற என்னத்தச் சொன்னேன்?"

நீங்கள் எழுந்தீர்கள். "தப்பு என் மேலதாண்ணே. மாலை போட்ட எடத்துல ரோசாப்பூவைப் போட்டு ஒங்கள வெட்டினது நாந்தான்" என்றீர்கள். பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

மாமன் உங்களை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன்யா, என் மூஞ்சியவிட அந்தப் பூவு அழகா இருந்துச்சாக்கும்?"

"அன்னைக்கு எனக்கு அப்படித்தாண்ணே தெரிஞ்சுச்சு."

முதலில் சிரித்தது சின்னவள்தான். பிறகு வீடே சிரித்தது. அப்பா எழுந்து போய் மாமனின் நாற்காலியை வாசலிலிருந்து உள்ளே இழுத்துப் போட்டார், அவர் அதில் உட்கார்ந்திருக்கும்போதே. அந்தக் கல்யாணத்துக்கு நாம் காமிரா கொண்டு போகவில்லை. கையை வீசிக்கொண்டு போய் மாமன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு, பெட்டியை யார் பார்ப்பது என்று மதனி கேட்டார்கள். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் நீங்கள் தமிழில் ஊரும் பெயரும் போட்டு வைத்திருந்தீர்கள். எனக்கோ அது எறும்பு வரிசை. அதனால்தான் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு நடத்தும் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். இப்போது வரிசையில் எந்தப் பெயரானாலும் கண்டுபிடித்துவிடுவேன். பெயர்களைப் படிக்கப் படிக்க முகங்கள் வருகின்றன. வேலை இல்லாத நாளில்கூடச் சும்மா படித்துக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒரு தம்பி வந்தான். அவன் அப்பா அம்மா கல்யாணம். பெயரைப் படித்து எடுத்துக் கொடுத்தேன். ஓட்டிப் பார்த்துவிட்டு, "தாத்தா, இம்புட்டு நீளமா இருக்கே. தாலி கட்டுறதை மட்டும் வெட்டித் தரலாம்ல?" என்றான்.

"முழுசாக் கொண்டு போப்பா. யாரு எந்த ஓரத்துல நிக்கிறாகன்னு வீட்டுல இருக்குறவுகளுக்குத்தான் தெரியும்" என்றேன்.

முனகிக்கொண்டே வாங்கிப் போனான். மறுநாள் போன் வந்தது. பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த, இப்போது உயிரோடு இல்லாத தன் அண்ணனைப் பார்த்து அவன் அம்மா டிவியை நிறுத்தச் சொன்னார்களாம். இன்னும் நிறுத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம்.